இடது தாங்கியின் சத்தம்

ஹாங்கருக்கு, விமானம் திருத்தும் கொட்டகைக்கு, புதிதாக வரும் தம்பி தங்கைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எரிபொருள் பம்ப் ஒன்று ஒழுங்காக வேலை செய்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அழுத்தமானியின் முள் பச்சைக் கோட்டுக்குள் நிற்கிறது என்பீர்கள். சோதனையில் வேண்டிய அளவு பெற்றோல் வந்தது என்பீர்கள். எங்கும் ஒழுகவில்லை என்பீர்கள். எல்லாம் நல்ல பதில்கள். இந்தப் பதில்கள் அத்தனையும் சரியாக இருந்த ஒரு விமானத்தை நான் ஒருமுறை பறக்க விடாமல் மறித்தேன். ஏன் மறிக்கிறேன் என்று அந்த நேரத்தில் எனக்கே சொல்லத் தெரியவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். பம்ப்பை எப்படிப் பொருத்துவது என்பதைக் கைநூல் சொல்லித்தரும், அதை விட்டுவிடுகிறேன்.

ஊரில், இலங்கையில், போர் முடிந்த வருடம் அது. நான் கனடாவில், ஒஷாவாவில் விமானம் திருத்தும் வேலையில் இருந்தேன். ஒரு நாள் ஹாங்கர் வாசலில் ஒருவர் வந்து நின்றார். பெயர் சிவகுமார். ரொறன்ரோவில் சுரங்க ரயில் ஓட்டுகிறாராம். நகருக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் புதிதாக எழும்பிய வீடுகளில் ஒன்று அவருடையது. அந்த வீட்டுக் கராஜில் ஏழெட்டு வருடமாக ஒரு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம். இந்த நாட்டில் அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அரசாங்கத்தின் பரிசோதனையில் தேறினால் நீங்கள் கட்டியதை நீங்களே பறக்கலாம். குளிர்காலத்தில் இரண்டு காரும் வெளியே பனியில் உறைந்து நிற்க, கராஜுக்குள் இறக்கைகள் சூடாக இருந்தன. அயலவர்கள் அதைப் படகு என்று நினைத்திருந்தார்களாம்.

"ஏன் தம்பி விமானம்?" என்று கேட்டேன். எங்கள் ஆட்கள் வீட்டுக் கராஜில் பொதுவாக வைத்திருப்பது அரிசி மூட்டையும் பழைய மெத்தையும்தான். எனக்கு உண்மையாகவே அறிய ஆசையாக இருந்தது.

"எனக்கு வேலை முழுக்க நிலத்துக்குக் கீழ அக்கா," என்றார். "மேல என்ன இருக்கெண்டு ஒருக்காப் பாக்க வேணும்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்துக்கொண்டது. எரிபொருள் தொகுதியை, பம்ப், குழாய் எல்லாவற்றையும், இன்னொரு கண் பார்த்தால் நல்லது என்று கேட்டார். சனிக்கிழமைகளில் வாறன் என்றேன்.

அவர் விமானத்தைப் பகுதி பகுதியாக ஏற்றிக்கொண்டு போய், ஸ்ரௌவ்வில்லுக்கு வடக்கே ஒரு புல் ஓடுபாதையின் ஓரத்தில் இருந்த தகரக் கொட்டகையில் வைத்துப் பொருத்தியிருந்தார். நான் முதல் தடவை அங்கே போனபோது கொட்டகையிலிருந்து கொஞ்சம் தள்ளி, மேட்டில் ஒரு கார் நின்றது. உள்ளே ஒரு பெண், மடியில் கைத்தொலைபேசி. கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தாள்.

"என்ரை மனிசி, வதனி," என்றார் சிவகுமார். "கொட்டகைக்குள்ள போன் இழுக்காது. அவவின்ரை அண்ணன் குடும்பம் வன்னிக்குள்ள நிக்குது. வீட்டில தனிய விட ஏலாது, இஞ்ச கூட்டிக்கொண்டு வந்திடுவன்."

அந்த மாதங்களில் ரொறன்ரோவில் எங்கள் வீடுகள் எப்படி இருந்தன என்று உங்களில் பலர் சின்னப் பிள்ளைகளாக இருந்து பார்த்திருப்பீர்கள். தொலைக்காட்சியை ஒருவரும் நிற்பாட்டவில்லை. போரை நிறுத்தச் சொல்லிச் சனம் நகரத்து அதிவேகச் சாலையில் இறங்கி நின்றது. சிவகுமாரும் வேலை முடிந்து அங்கே போய் நின்றுவிட்டு, சனிக்கிழமை காலையில் தொண்டை கட்டிப்போய்க் கொட்டகைக்கு வருவார். எனக்கும் வன்னியில் ஆட்கள் இருந்தார்கள். நாங்கள் இருவரும் அதைப் பற்றி அதிகம் கதைக்கவில்லை. பம்ப்பைப் பற்றிக் கதைத்தோம்.

எஞ்சினை முதல் தடவை இயக்கிய அன்று நான் வெளியே நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தற்செயலாக மேட்டுப்பக்கம் திரும்பினேன். கார்க் கதவு திறந்து கிடந்தது. வதனி காருக்கும் வேலிக்கும் நடுவில் குந்தியிருந்தாள், இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு. எஞ்சினை நிற்பாட்டச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் எழும்பிப் பாவாடையில் ஒட்டிய புல்லைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்டுமில்லை அக்கா," என்றாள். "கலியாணம் கட்டி இஞ்ச வரும்வரைக்கும் வன்னியிலதானே இருந்தனான். குண்டு போடப் பொம்மர் வந்தால் பங்கருக்குள்ள பாயிறது. மூளைக்குத் தெரியும் இது அவரின்ரை பிளேன் எண்டு. உடம்புக்குத் தெரியேல்லை."

"கஷ்டமெண்டால் ஏன் வாறனீர்?"

"வீட்டிலயும் சத்தம்தானே," என்றாள். பிறகு கொட்டகைப்பக்கம் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, உதுக்குள்ள ரெண்டு பம்ப் இருக்கெண்டு சொன்னார். ரெண்டு என்னத்துக்கு?"

நான் விளக்கினேன். இறக்கைகள் தாழ்வாக உள்ள விமானம். பெற்றோல் இறக்கைத் தாங்கிகளில், அதாவது இறக்கைக்குள் இருக்கும் தொட்டிகளில், கீழே இருக்கிறது. எஞ்சின் அதற்கு மேலே இருக்கிறது. பெற்றோல் தானாக மேலே ஏறாது. ஒரு பம்ப்பை எஞ்சினே ஓட்டும். மற்றது மின்சாரத்தில் ஓடும். எஞ்சினைக் கிளப்பவும், ஏறும்போதும் இறங்கும்போதும் துணையாகவும்.

"எஞ்சின் ஓடினால்தான் அந்தப் பம்ப் ஓடும். பம்ப் ஓடினால்தான் எஞ்சின் ஓடும். அப்பிடியே?"

"ஓம்."

"அப்ப ஒண்டு நிண்டால் மற்றதும் நிண்டிடும். அதுக்குத்தான் கரண்டில ஒண்டு."

இத்தனை வருடத் தொழிலில் இதை இவ்வளவு சுருக்கமாக ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

வேலை முன்னேறியது. இப்படிப்பட்ட விமானத்தின் பம்ப்பைச் சமதரையில் வைத்துச் சோதித்தால் போதாது. ஏறும்போது மூக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும்; அப்போதுதான் பெற்றோல் அதிகம் வேண்டும், அப்போதுதான் அது மேலே ஏறுவதும் கஷ்டம். ஆகவே முன் சக்கரத்தைக் கட்டைகளின் மேல் ஏற்றி, வாலைத் தாழ்த்திக் கட்டி, தாங்கியில் கொஞ்சமே பெற்றோல் விட்டு, எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு வாளிக்குள் பாய விட்டோம். இடது தாங்கி, வலது தாங்கி, இரண்டிலும் வேண்டியதை விடக் கூடவே வந்தது. கைநூலின்படி எல்லாம் சரி. பரிசோதகரும் வந்து பார்த்துத் தன் ஒப்பத்தைப் போட்டுவிட்டுப் போனார்.

ஒரு சனிக்கிழமை முதல் பறப்புக்கு கென் என்ற விமானியை ஒழுங்கு செய்திருந்தோம். வீட்டில் கட்டிய விமானங்களை முதல் தடவை பறந்து பார்ப்பதில் அனுபவமுள்ள கனடியர். ஓய்வு பெற்றவர், சாந்தமான மனிதர். அடுத்த நாள் அவர் மேற்கே மகள் வீட்டுக்குப் போகிறார். இலையுதிர் காலம்வரை திரும்பமாட்டார். ஆகவே அந்தச் சனிக்கிழமையை விட்டால் கோடை முழுவதும் போய்விடும். அன்று வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. காற்றே இல்லை. அந்த வருடத்தின் முதல் சூடான நாள்.

சிவகுமார் இருக்கையில் ஏறி மின் பம்ப்பைப் போட்டார். அந்த வகைப் பம்ப் 'டக் டக்' என்று அடிக்கும். குழாய் நிரம்பி அழுத்தம் ஏறியதும் அடி மெதுவாகிக் கிட்டத்தட்ட ஓய்ந்துவிடும். வலது தாங்கியில் போட்டார், அடித்தது, ஓய்ந்தது. இடது தாங்கிக்கு மாற்றினார், அடித்தது, ஓய்ந்தது. முள் பச்சைக்குள் நின்றது. கென் கையுறையை மாட்டிக்கொண்டார்.

மேட்டிலிருந்து வதனி கூப்பிட்டாள். அவள் கொட்டகைப்பக்கம் குரல் கொடுத்ததே அதுதான் முதல் தடவை.

"அக்கா! உது ஏன் திரும்பத் திரும்ப அடிக்குது?"

"எது?"

"இப்ப அடிக்கிறது. நிண்டு நிண்டு அடிக்குது. முதல் அடிச்சது அப்பிடி இல்லையே."

நாங்கள் மூவரும் பம்ப்புக்குப் பக்கத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் காதில் எங்கள் கதைதான் இருந்தது. ஒருவரையும் கதைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கேட்டேன். இடது தாங்கியில் பம்ப் ஓய்ந்து, கொஞ்சம் பொறுத்து நாலைந்து தரம் அவசரமாக அடித்து, மறுபடி ஓய்ந்தது. வலதுக்கு மாற்றச் சொன்னேன். ஓய்ந்தது, ஓய்ந்தபடியே இருந்தது. மறுபடி இடது. மறுபடி அந்த அவசர அடி. முள் அசையக்கூட இல்லை.

"பம்ப்பை நிற்பாட்டி வையுங்கோ. இண்டைக்குப் பறக்க வேண்டாம்," என்றேன்.

"என்ன பிழை அக்கா?" சிவகுமார் இறங்கி வந்தார்.

"தெரியேல்லை."

"தெரியேல்லையோ? பிரஷர் இருக்கு. வாளி நிறையப் பெற்றோல் வந்தது, நீங்களும் நிண்டு பாத்தனீங்கள். ஒரு சொட்டு ஒழுக்கில்லை. என்ன பிழை எண்டு சொல்லுங்கோ, நான் திருத்திறன்."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கட்டினனீர். ரெண்டும் ஒரே மாதிரிக் கேக்கேல்லை. ஏனெண்டு எனக்குத் தெரியாது. தெரியும்வரைக்கும் ஒருத்தரையும் உதில ஏத்த மாட்டன்."

"வலதுபக்கத் தாங்கியில மட்டும் பறக்கட்டும்."

"பாதியில வலது முடிஞ்சால்?"

அவர் முகம் சிவந்துபோனது. "அங்க சனம் செத்துக்கொண்டிருக்குது அக்கா. ஒண்டும் செய்ய ஏலாமல் இருக்கிறன். என்ரை கையால முடிக்கக்கூடிய ஒரே விஷயம் இதுதான். நீங்கள் நிண்டு சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறீங்கள்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு மனிதரின் முன்னால் நிற்க வரும். அப்போது காரணம் கண்டுபிடித்துச் சொல்லி வெல்லப் பார்க்காதீர்கள். 'தெரியாது' என்பதையே சொல்லுங்கள். ஒரே மாதிரி இருக்க வேண்டிய இரண்டு வேறு வேறாக நடந்தால், ஏன் என்று தெரியும்வரை நிறுத்திவைப்பதற்கு அதுவே போதும். கென் கையுறையைக் கழற்றி, "அப்படியென்றால் நான் என் சாண்ட்விச்சைச் சாப்பிடுகிறேன்," என்றார். அவர் தந்த பெரிய உதவி அதுதான். சிவகுமார் கொட்டகைப் பூட்டின் திறப்பை என் கையில் தந்துவிட்டுக் காரில் ஏறினார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அந்த நாட்களில்தான் ஊரில் எல்லாம் முடிந்தது. வதனியின் அண்ணி முட்கம்பி போட்ட முகாம் ஒன்றிலிருந்து யாருடையதோ தொலைபேசியில் கதைத்தாளாம். மூத்த மகள் அவளுடன் இருக்கிறாள். அண்ணனைக் கடைசி நாட்களில் தவறவிட்டுவிட்டாள். சின்ன மகன், ஆறு வயது, மாசி மாதமே பொம்மர் அடித்ததில் போய்விட்டான். சொல்ல வழியில்லாமல் அவள் அதை அத்தனை நாளும் வைத்திருந்தாள். அண்ணனைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

நான் அவர்கள் வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வந்தேன். விமானத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தால் அந்தச் சத்தம் மண்டைக்குள் நிற்கும். கேட்டுக்கொண்டே இருந்தேன்: பம்ப் ஏன் திரும்ப அடிக்க வேண்டும்? அழுத்தம் எங்கோ குறைகிறது. பெற்றோல் வெளியே போகவில்லை. அப்படியானால் என்ன உள்ளே வருகிறது?

ஆனி மாதத்தில் வதனி தொலைபேசி எடுத்தாள்.

"அக்கா, அந்தச் சத்தத்துக்குக் காரணம் கண்டுபிடிச்சனீங்களோ?"

"ஒரு யோசினை இருக்கு. இன்னும் போய்ப் பாக்கேல்லை."

"போவமே?" என்றாள். "ஆரைக் கேட்டாலும் எனக்கு ஒண்டுக்கும் பதில் இல்லை அக்கா. ஏதாவது ஒண்டுக்காவது காரணம் தெரியட்டும்."

இருவரும் போனோம். வழியில் அவளுக்கு என் யோசனையைச் சொன்னேன். வெடித்த ஸ்ட்ரோவால் குளிர்பானம் குடித்தால் வெடிப்பு வழியே ஒன்றும் சொட்டாது. வாய்க்குள் காற்றுத்தான் வரும். தாங்கிக்கும் பம்ப்புக்கும் நடுவில் இருக்கும் குழாயும் அப்படித்தான். பம்ப் அதிலிருந்து உறிஞ்சுகிறது. அங்கே ஒரு வெடிப்பு இருந்தால் நீங்கள் கடதாசியால் துடைத்துப் பார்த்தாலும் ஈரம் தெரியாது.

"அப்ப எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"உறிஞ்சிற குழாயை ஊதப் பண்ண வேணும்."

இடது தாங்கியிலிருந்த பெற்றோலை முழுவதும் வடித்து, குழாயை நன்றாகக் காயவிட்டோம். மறு முனையை அடைத்து, தாங்கிப்பக்கத்திலிருந்து கைப்பம்ப்பால் மிக மெதுவாகக் காற்றை விட்டேன். இணைப்புகளில் சவர்க்காரத் தண்ணீர் பூச வேண்டும்; காற்றுக் கசியும் இடத்தில் நுரைக்கும். தாங்கிகளை மாற்றும் வால்வு விமானத்தின் தரையில், இரண்டு இருக்கைக்கும் நடுவே, கை போகக் கஷ்டமான இடத்தில் இருக்கிறது. நான் வெளியே காற்றுப் பம்ப்போடு நின்றேன். இன்னொருவர் உள்ளே இறங்க வேண்டும். வதனி தூரிகையையும் சவர்க்காரக் கோப்பையையும் வாங்கிக்கொண்டாள். இறக்கையில் கால் வைக்கும்போது ஒரு கணம் நின்றாள். பிறகு ஏறி உள்ளே குனிந்தாள்.

ஒவ்வோர் இணைப்பாகப் பூசினாள். "வலது நட்டில ஒண்டுமில்லை," என்றாள். பிறகு, "முன்னுக்குப் போறதிலயும் இல்லை."

"அக்கா! இஞ்ச நுரை வருது! இடது நட்டுக்கு அடியில. சின்னன், ஆனா வளருது!"

நான் ஏறிப் பார்த்தேன். பாசிப்பயறு அளவில் ஒரு வெள்ளை நுரை, மெல்ல மெல்லப் பருத்தது. அவள் விரலால் துடைத்தாள், மறுபடி வந்தது. மறுபடி துடைத்தாள். இருவரும் சிரித்தோம். அந்தக் கோடையில் நான் அவள் சிரித்துப் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

நட்டைக் கழற்றினோம். குழாயின் வாயில், நட்டு மறைத்திருந்த இடத்தில், மயிரிழை போல ஒரு வெடிப்பு. குளிர்நாளில், வாளிக்குள் பாய விட்டபோது அது ஒரு பொருட்டாக இருக்கவில்லை. வெயில் நாளில், மூக்கு மேலே நிற்க, எஞ்சின் முழு வேகத்தில் இழுக்கும்போது, பெற்றோலோடு காற்றும் போயிருக்கும். எஞ்சின் விக்கியிருக்கும். ஓடுபாதை முடிவில் மரங்களும் அதற்கு அப்பால் புது வீடுகளும் இருந்தன.

அந்தத் துண்டை நான் சிவகுமாரிடம் கொடுக்கவில்லை. வதனியே கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த சனிக்கிழமை அவர் கொட்டகைக்கு வந்தார். வெடித்த குழாய்த்துண்டு சட்டைப்பையில் இருந்தது.

"ஒழுகக்கூடாதெண்டுதான் அக்கா இறுக்கினனான்," என்றார். "பெற்றோல் உள்ளுக்கு வந்தால் நெருப்பெண்டு பயந்து, இன்னொருக்கா, இன்னொருக்கா எண்டு இறுக்கித்தான் வெடிச்சிருக்கு."

"தெரியும். கவனமில்லாத ஆக்கள் இவ்வளவு இறுக்க மாட்டினம்."

அவர் புதுக் குழாய் வளைக்கத் தொடங்கினார். எல்லாச் சோதனையையும் திரும்பச் செய்தோம். இந்தமுறை சவர்க்காரத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டோம். இரண்டு தாங்கியும் ஒரே மாதிரி அடித்து, ஒரே மாதிரி ஓய்ந்தன.

மரங்கள் நிறம் மாறத் தொடங்கியபோது கென் திரும்பி வந்தார். முதல் பறப்பில் அவர் மட்டும்தான் போகலாம். விமானம் புல்லை விட்டு எழும்பியபோது சிவகுமார் இரண்டு அடி முன்னே போனார். கென் ஓடுபாதைக்கு மேலேயே வட்டமடித்தார். எஞ்சின் ஒரு தரமும் விக்கவில்லை. நான் வதனியைப் பார்த்தேன். காரின் பக்கத்தில் நின்றாள். ஒரு கை கார்க் கதவை இறுக்கிப் பிடித்திருந்தது. மற்றக் கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விமானம் எங்கே போனாலும் அவள் முகமும் கூடவே திரும்பியது.

கென் இறங்கி வந்தார். சிவகுமார் அவரைக் கட்டிப்பிடித்தார். நான் பம்ப் எப்படி என்று கேட்க வாயெடுக்கும் முன் வதனி தேநீர்க் குடுவையோடு வந்து நின்றாள். அவளுக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் வரும். ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கேட்டாள்.

"மேலே இருந்து பார்த்தால் கீழே நிற்கிற ஆட்கள் தெரிவார்களா?"

"மிகத் தெளிவாக," என்றார் கென். நல்ல பறப்பின் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. "நீங்கள் காருக்குப் பக்கத்தில் நின்றீர்கள். மஞ்சள் சட்டை. நெற்றியில் கை வைத்து என்னைத்தான் பார்த்தீர்கள்."

"வேகமாகப் போகிற விமானம் என்றால்?"

"பார்க்கக் கிடைக்கும் நேரம் குறையும். ஆனால் அந்த உயரத்தில், இப்படி வெளிச்சமான நாளில், தெரியாமல் போகாது."

"சின்னப் பிள்ளைகள்? ஆறு வயதுப் பிள்ளை?"

"ஓ, பக்கத்துப் பண்ணைப் பிள்ளைகள் சைக்கிளில் வேலியோரம் வந்து நின்றார்களே! ஒருத்தி கை காட்டினாள். நான் இறக்கையை ஆட்டிக் காட்டினேன். நீங்கள் பார்க்கவில்லையா?"

"பார்த்தேன்," என்றாள் வதனி.

சிவகுமார் விமானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். வதனி குடுவையைத் திறந்து, கோப்பை நிறையத் தேநீர் ஊற்றி, சிந்தாமல் கென்னிடம் நீட்டினாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, இதில் என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"இஞ்சி," என்றாள்.

அவள் என்ன கேட்டாள் என்பது கென்னுக்கு இன்றுவரை தெரியாது.